பதினேழு வருஷ அனுபவம், ஒரே கேள்வில காலியா?

கேள்வி: அண்ணே, எனக்கு 41 வயசு. 17 வருஷமா ஜாவா பேக்எண்டு, அதாவது சர்வர் பக்கம் ப்ரோக்ராம் எழுதற வேலை, பெரும்பாலும் பேங்க் ப்ராஜெக்ட்தான். இப்ப ஓஎம்ஆர்ல டெக் லீடா இருக்கேன். போன மாசம் ஒரு பேமெண்ட் கம்பெனில இன்டர்வியூ. எதிர்ல உக்காந்திருந்த பையனுக்கு 28 இருந்தா அதிகம். "கஸ்டமர் பே பட்டனை ரெண்டு தடவை அமுக்கிட்டா பணம் ரெண்டு தடவை போகாம எப்படி தடுப்பீங்க"ன்னு கேட்டான். பட்டனை டிஸேபிள் பண்ணிடலாம்னேன். "பதில் வராம நெட்வொர்க் டைம்அவுட் ஆகி ஆப்பே திரும்ப அனுப்பிச்சா?"ன்னான். அவ்ளோதான், மண்டை பிளாங்க். இத்தனைக்கும் 2019ல எங்க ப்ராஜெக்ட்ல டூப்ளிகேட் டெபிட், அதாவது ஒரே பணம் ரெண்டு தடவை போற பிரச்சனைக்கு ரெண்டு ராத்திரி தூங்காம உக்காந்திருக்கேன். போதாததுக்கு "அதுல உங்க ரோல் என்ன"ன்னு மூணு தடவை கேட்டு அவமானப்படுத்தினான். மறுநாளே ரிஜெக்ட் மெயில். எனக்கு வயசாயிடுச்சா? இல்ல இப்ப இருக்கற வேலையை விட 90 நாள் நோட்டீஸ்னு சொன்னதால கழட்டி விட்டாங்களா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, உங்க லெட்டர்ல நான் திரும்பத் திரும்ப படிச்சது அந்த 2019 வரியைத்தான். அவன் கேட்ட கேள்விக்கு பதில் அங்கயே இருக்கு, அதை எனக்கு எழுதறீங்க, அவன்கிட்ட சொல்லல. பரீட்சை ஹாலுக்குள்ள போற மாதிரி போயிருக்கீங்க, புக்ல என்ன போட்டிருக்கும்னு தேடியிருக்கீங்க. "இது எனக்கே நடந்திருக்குங்க"ன்னு ஆரம்பிச்சிருந்தா மிச்சம் தானா வந்திருக்கும்.

அந்த ராத்திரி கடைசில என்ன ஃபிக்ஸ் போட்டீங்க? அனேகமா இதுவாத்தான் இருக்கும்: ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் ஆப் பக்கமே ஒரு யூனிக் ஐடி, திரும்ப அனுப்பினாலும் அதே ஐடிதான், சர்வர் அதை டேபிள்ல எழுதி வச்சுக்கும், திரும்ப அதே ஐடி வந்தா இன்னொரு டெபிட் போடாம முதல்ல குடுத்த ரிசல்ட்டையே எடுத்துக் குடுத்துடும். ஐடெம்பொடென்சி கீன்னு இதுக்கு ஒரு பேரு, பேர் தெரியலன்னா ஒண்ணும் குடி முழுகிடாது. ஆனா அடுத்த படிலதான் சீனியரை எடை போடுவாங்க. "ஐடி இருக்கான்னு டேபிள்ல செலக்ட் போட்டுத் தேடிப் பாப்பேன், இல்லன்னா இன்சர்ட் பண்ணி எழுதுவேன்"னு சொன்னீங்கன்னா மாட்டினீங்க, ஏன்னா ரெண்டு ரிக்வெஸ்ட்டும் ஒரே நேரத்துல வந்தா ரெண்டுமே 'இல்ல'ன்னு பாத்துட்டு ரெண்டுமே உள்ள போயிடும். டேபிள்லயே யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது ஒரே ஐடி ரெண்டு தடவை வரக்கூடாதுங்கற கட்டுப்பாடு போட்டா ரெண்டாவது இன்சர்ட்டை டேட்டாபேஸே திருப்பி அனுப்பிடும். இது ரெண்டு ராத்திரி லாக் பாத்தவனுக்குத் தெரியாம இருக்காது.

அப்புறம் அந்த ரோல் சமாச்சாரம். அது அவமானம் இல்ல தம்பி. நீங்க "நாங்க மைக்ரேட் பண்ணோம், நாங்க ரிலீஸ் போட்டோம்"னு சொல்லியிருப்பீங்க. நமக்கு 'நான்'னு சொன்னா தலைக்கனம்னு ஒரு வளர்ப்பு. ஆனா எதிர்ல இருக்கறவன் ஃபார்ம்ல உங்களைப் பத்திதான் எழுதணும், அந்த 'நாங்க'ல நீங்க யாருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? மூணு தடவை கேட்டான்னா, பாவம், உங்களுக்கு மூணு சான்ஸ் குடுத்திருக்கான்.

நான் மட்டும் என்ன யோக்கியமா? பன்னெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸோட ஒரு இன்டர்வியூ போனேன். ஜாவால ரெண்டு ஆப்ஜெக்ட் ஒண்ணான்னு பாக்கற ஈக்வல்ஸை ஓவர்ரைடு பண்ணி, எந்தப் பக்கெட்ல வைக்கணும்னு முடிவு பண்ற ஹாஷ்கோடை விட்டுட்டா, பொருளைப் பக்கெட் பக்கெட்டா பிரிச்சு வைக்கற ஹாஷ்மேப்ல என்ன ஆகும்னு கேட்டாங்க. தெரியலன்னு சொல்ல ஈகோ விடல, பத்து நிமிஷம் ஏதோ அளந்தேன். போட்ட ஆப்ஜெக்ட் ஒரு பக்கெட்ல இருக்கும், அதே மாதிரி இன்னொரு ஆப்ஜெக்ட்டை வச்சுத் தேடினா பெரும்பாலும் வேற பக்கெட்ல தேடும், வச்ச பொருளே கிடைக்காது, இவ்ளோதான் மேட்டர். அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழில டீக்கடைல நின்னு, கேட்ட கேள்வி எல்லாத்தையும் பஸ் டிக்கெட் பின்னாடி எழுதினேன். உண்மையிலேயே தெரியாதது ரெண்டே ரெண்டு. மிச்சம் எல்லாம் தெரிஞ்சும் வாய்ல வராதது.

நீங்களும் இன்னிக்கே எழுதுங்க, ஒரு மாசம் ஆயிடுச்சு, பாதி மறந்திருக்கும், பரவால்ல. தெரியாததைப் படிக்க ஒரு வாரம் போதும். தெரிஞ்சும் வராததுக்குத்தான் வேலை ஜாஸ்தி. அந்த 2019 கதையை வீட்டம்மாகிட்ட, அவங்க கம்ப்யூட்டர் ஃபீல்டுல இல்லன்னா இன்னும் நல்லது, அஞ்சு நிமிஷத்துல சொல்லிப் பாருங்க. எது உடைஞ்சுது, நான் எங்க பாத்தேன், எதை முதல்ல தப்பா நெனச்சேன், கடைசில என்ன மாத்தினேன். அவங்க நடுவுல "ஏன்?"னு கேக்கற இடத்துலதான் நீங்க முழிப்பீங்க, அந்த இடத்தைக் குறிச்சு வைங்க.

எச்ஆருக்கு ஒரே ஒரு மெயில் போடுங்க, எந்த ஏரியால குறைன்னு. பதில் வராது பெரும்பாலும், வந்தா லாபம். மறுபடி எப்ப அப்ளை பண்ணலாம்னும் அதுலயே கேட்டுடுங்க, நிறைய இடத்துல ஆறு மாசம் கேப் வச்சிருப்பாங்க.

வயசு பாக்கற கம்பெனி இல்லவே இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஆளுங்க ரெஸ்யூமேலயே தள்ளி விட்டிருப்பாங்க, கூப்பிட்டு உக்கார வச்சு ரோல் என்னன்னு மூணு தடவை கேட்டுட்டு இருக்க மாட்டாங்க. நோட்டீஸ் பீரியடும் அப்படித்தான், 90 நாள் ஆகாதுன்னா எச்ஆர் முதல் போன் கால்லயே சொல்லியிருப்பாங்க.