அலேர்ஜி ரிப்போட்டில் ஏழு சாப்பாட்டுக்குப் பொசிற்றிவ். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறோம். மூன்று வயது மகளுக்கு அடிக்கடி உடம்பு தடிக்கிறது என்று இரத்தத்தில் அலேர்ஜி ரெஸ்ட் செய்தோம். முட்டை, பால், கோதுமை, இறால் உட்பட ஏழு சாப்பாட்டுக்குப் பொசிற்றிவ் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

பதில்:

கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. உங்கள் கையில் இருப்பது மாதிரி ஒரு தாளை நம்பி என் மகனை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டவள் நான்.

முதலில் ஒன்று. நான் டொக்டர் இல்லை, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். "டொக்டரிடம் போகாமல் இதிலெல்லாம் ஆலோசனை சொல்லலாமா" என்று கேட்க வருகிறவர்களுக்கு: டொக்டரிடம் போகச் சொல்லித்தான் எழுதுகிறேன். போகும்போது எதைக் கொண்டுபோக வேண்டும் என்று தெரியாமல் நான் பட்ட பாட்டைத்தான் சொல்கிறேன்.

மகனுக்கு அப்போது நாலு வயது. வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து, வீட்டில் முதல் மச்சம் சமைத்த நாள். நந்திக்கடல் இறால், தேங்காய்ப்பால் விட்டு வைத்த குழம்பு. மத்தியானம் அவனும் நாலைந்து இறால் சாப்பிட்டான். பின்னேரம் முற்றத்தில் ஓடி விளையாடினான். இரவு புட்டு சாப்பிட்டுப் படுத்தான். விடியப்புறம் மூன்று மணி இருக்கும், "அம்மா, கடிக்குது" என்று எழும்பினான். டோர்ச் அடித்துப் பார்த்தால் முதுகு முழுக்கத் திட்டுத் திட்டாய்த் தடித்து, நடு வெளிறி, ஓரம் சிவந்து கிடக்கிறது. காலையில் முதுகில் இருந்தது மறைந்து தொடையில் வந்தது. மத்தியானம் தொடையில் வற்றிக் காதடியில் வந்தது. இப்படியே ஐந்து நாள்.

மாமி பார்த்த உடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கிரந்தி. இறால் குடுத்ததுதான்." எங்கள் பக்கத்தில் கிரந்திக்கு விளக்கம் தேவையில்லை. மற்ற ஊர்க்காரருக்காக: இறால், நண்டு, கத்தரிக்காய், அன்னாசி என்று பெரியவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். உடம்பில் சொறியோ தடிப்போ எது வந்தாலும் குற்றவாளி அந்தப் பட்டியலுக்குள்தான் இருப்பான். அதற்கு இரண்டு நாள் முன்பு மகனுக்குக் காய்ச்சலும் மூக்கொழுகலும் இருந்ததை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது ஒரு சேதியாகவே எனக்குப் படவில்லை.

அப்புறம் கனடாவில் இருக்கிற மச்சாள் வீடியோவில் வந்தார். "இன்னும் ரெஸ்ட் எடுக்கேல்லையோ? இஞ்ச எண்டா முதல் நாளே எடுத்திருப்பினம்." காசும் அவர்தான் அனுப்பினார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வவுனியாவில் ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனோம். டொக்டரின் துண்டு இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பக்கேஜ், தூசிப் பக்கேஜ், இரண்டும் சேர்ந்தது என்று விலைப்பட்டியல் ஒட்டியிருந்தது. சேர்ந்ததை எடுத்தோம்.

இரத்தம் எடுப்பது பெரிய காரியம் இல்லை. வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. பிரிற்றன் மாதிரிக் கடி மருந்து குடித்திருந்தாலும் பரவாயில்லை. தோலில் குத்திப் பார்க்கிற சோதனைக்குத்தான் அந்த மருந்துகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். கையில் ஒரு குத்து, ஒரு சின்னக் குப்பி, அவ்வளவுதான். மகனைவிட நான்தான் கூட அழுதேன். இரத்தம் கொழும்புக்குப் போய் ரிப்போட் வரப் பத்து நாள் ஆனது.

இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். இடது பக்கம் பெயர், நடுவில் எண், கடைசியில் 'கிளாஸ்'. முட்டை வெள்ளைக்கரு 3.1, கோதுமை 1.4, இறால் 1.2, பால் 0.9, கச்சான் 0.6. 0.35க்கு மேலே போனால் பொசிற்றிவ் என்று கீழே குறிப்பு. கவுண்டரில் இருந்த பிள்ளை நீலப் பேனையால் ஒவ்வொன்றையும் வட்டம் போட்டு, "இதெல்லாம் குடுக்காதீங்கோ அக்கா" என்றாள். அவள் மேல் பிழை இல்லை, அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பக்கேஜ் என்னுடைய இரண்டு மாதக் கொடுப்பனவைவிடக் கூட. சம்பளம் என்று எழுத வராது, ஏனென்றால் முன்பள்ளி ஆசிரியைக்குத் தருவது சம்பளம் இல்லையாம், கொடுப்பனவாம். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பதில் இருந்து டெங்கு சிரமதானம், பெற்றோர் கூட்டம், விளையாட்டுப் போட்டி வரை நாங்கள்தான். நிரந்தரம் பற்றிக் கேட்டால் மட்டும், "நீங்கள் தொண்டர் மாதிரித்தானே ரீச்சர்" என்பார்கள். மச்சாள் இல்லாவிட்டால் அந்த ரிப்போட்டே இல்லை. இல்லாமலே இருந்திருந்தால் நல்லது என்பது வேறு கதை. சரி, விடுங்கள்.

ஆறு மாதம் இடியப்பம், சோறு, பருப்பு, கீரை. முட்டை இல்லை, பால்மா இல்லை, பாண் இல்லை, பிஸ்கற் இல்லை. அவன் படித்ததும் என் முன்பள்ளியில்தான். இன்னொரு பிள்ளையின் பிறந்தநாளில் கையில் எடுத்த கேக்கை நானே பறித்தேன். அவன் அழவில்லை. விரலில் ஒட்டியிருந்த ஐசிங்கை நக்குவதா, துடைப்பதா என்று என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கும்.

நிறை பார்க்கிற நாளில் மருத்துவமாது மிஸ் கிளினிக் அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஏறிக்கொண்டு போன கோடு ஆறு மாதமாய்ப் படுத்துக் கிடந்தது. திட்டவில்லை. ஒரு துண்டு எழுதிப் பிள்ளைகள் கிளினிக்குக்கு அனுப்பினார்.

அந்த டொக்டர் ரிப்போட்டைக் கையில் வாங்கவே இல்லை. "அதை வையுங்கோ அம்மா. பிள்ளை முட்டை சாப்பிட்டா என்ன செய்யும்?"

"ஒண்டும் செய்யாது டொக்டர். முந்தி ஒவ்வொரு நாளும் சாப்பிட்டவர்."

"பாண்?"

"ஒண்டும் இல்லை."

"பிறகேன் நிப்பாட்டினீங்கள்?"

நான் ரிப்போட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி.

அவர் விளக்கியதை என் பாசையில் சொல்கிறேன். இந்தப் பரிசோதனை தேடுவது இரத்தத்தில் இருக்கிற ஐஜிஈ (IgE) என்ற எதிர்ப்பொருளை, அதாவது அந்நியம் என்று நினைக்கிறதில் போய் ஒட்ட உடம்பே செய்கிற ஒரு புரதத்தை. முட்டையின் புரதத்தை வைத்து, மேலே பிள்ளையின் இரத்தத்துச் சீரத்தை விட்டு, எவ்வளவு ஒட்டுகிறது என்று அளக்கிறார்கள். ஒட்டினால் அந்தப் பிள்ளையின் உடம்பு முட்டையைக் 'குறித்து வைத்திருக்கிறது' என்று அர்த்தம். குறித்து வைத்தவன் எல்லாம் சண்டைக்கு வருவதில்லையே. எண் பொசிற்றிவாக இருந்தும் அந்தச் சாப்பாட்டைச் சுகமாய்ச் சாப்பிடுகிற பிள்ளைகள் ஏராளம். எண் ஏற ஏற உண்மையான ஒவ்வாமையாக இருக்கிற சாத்தியம் கூடும், அது சரி. ஆனால் சாப்பிட்டால் எவ்வளவு கடுமையாய் வரும் என்பதை அந்த எண் சொல்லாது. கிளாஸ் 0 முதல் 6 வரை இருக்கிறதே, அது பரீட்சைப் புள்ளி மாதிரி நோயின் தரம் இல்லை.

பிறகு நேரத்தைக் கேட்டார். இறால் எத்தனை மணிக்கு, தடிப்பு எத்தனை மணிக்கு? ஒரு மணி, விடியப்புறம் மூன்று மணி. விரலை மடக்கி எண்ணினார். பதினாலு மணித்தியாலம். இந்த வகைச் சாப்பாட்டு ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிடுமாம், வந்தால் ஒரு நாளுக்குள் அடங்கியும் விடுமாம். உண்ணி கடித்தவர்களுக்கு வருகிற மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி ஒவ்வாமை ஒரு விலக்கு, அது மூன்று முதல் ஆறு மணித்தியாலம் பிந்தி வரும். ஐந்து நாள் இடம் மாறி இடம் மாறி வந்த தடிப்பு இறாலுக்குப் பொருந்தவில்லை. "அதுக்கு முதல் காய்ச்சல் தடிமன் ஏதும்?" என்று கேட்டார். அப்போதுதான் அந்த மூக்கொழுகல் எனக்கு ஞாபகம் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குத் திடீரென்று வருகிற இந்த மாதிரித் தடிப்புக்கு வைரஸ் காய்ச்சல்தான் மிகச் சாதாரணமான காரணம் என்றார்.

அப்படியானால் இறாலுக்கு ஏன் 1.2? ரிப்போட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். நான் ஒரு நாளும் வாசிக்காத பக்கம், சாப்பாடு இல்லை என்று விட்டது. அதில் வீட்டுத் தூசியில் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்றுக்கு நேரே 38, கிளாஸ் 4. அந்த உண்ணி, கரப்பான் பூச்சி, இறால், நண்டு எல்லாம் ஒரே பெரிய குடும்பம், திரோப்போமயோசின் என்ற ஒரே சாயல் புரதம் அவற்றில் இருக்கிறது. தூசி உண்ணிக்கு எதிராக உருவான ஐஜிஈ இறால் புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும். கோதுமைக்கும் புல்லின் மகரந்தத்துக்கும் இடையே இதே மாதிரி ஒரு உறவு உண்டாம்.

"காலமை எழும்பினோண்ண தும்முறவரோ?"

பத்துத் தும்மல். மூக்கைத் தேய்த்துத் தேய்த்து நடுவில் ஒரு கோடே விழுந்திருந்தது. நாங்கள் அதைப் பனிக்குளிர் என்று நினைத்திருந்தோம். மகன் படுத்தது என் அம்மாவின் காலத்து இலவம்பஞ்சுத் தலையணையில். ஒரு பக்கம் கட்டி கட்டியாய், தட்டினால் வெயிலில் தூசி பறக்கும், அதைக் கட்டிப்பிடித்தால்தான் நித்திரை வரும். ஆக அந்த விலையான ரிப்போட்டில் எங்கள் வீட்டுக்கு உண்மையைச் சொன்ன வரி ஒன்றுதான். அந்தப் பிள்ளை வட்டம் போட்ட ஐந்தையும் பிடித்துக்கொண்டு நான் அந்த ஒன்றை விட்டுவிட்டேன்.

மொத்த ஐஜிஈ என்று தனியாய் ஒரு எண் இருக்கும், அதைக் கண்டும் பயப்படாதீர்கள். வயிற்றில் பூச்சி இருந்தாலும் ஏறும், தோலில் கரப்பன் (எக்சிமா) இருந்தாலும் ஏறும். மகனுக்குக் கடைசியாய்ப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தோம் என்று அவர் கேட்டபோது என் கணவர் என்னைப் பார்த்தார், நான் கணவரைப் பார்த்தேன்.

முட்டையையும் இறாலையும் வார்ட்டில் வைத்துத்தான் திரும்பக் கொடுத்தார்கள். ஊசி, மருந்து எல்லாம் பக்கத்தில் தயாராய் வைத்து, நகக்கண் அளவில் தொடங்கி, இடைவெளி விட்டு விட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் நிறுத்தியதால்தான் முட்டைக்கும் இந்தக் கவனம். முந்தி ஒத்துக்கொண்ட சாப்பாட்டை நீண்ட நாள் நிறுத்தி வைத்தால், திரும்பக் கொடுக்கிறபோது சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகக் கரப்பன் உள்ளவர்களுக்கு, உண்மையாகவே ஒவ்வாமையாய் மாறிவிடலாமாம். இதைக் கேட்டபோது எனக்குக் கை குளிர்ந்தது. மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறால் முடிந்ததும் "இன்னும் இருக்கோ?" என்று தாதியிடம் கேட்டான்.

இதை வாசித்துவிட்டு "அலேர்ஜி எல்லாம் சும்மா" என்று யாரும் கிளம்ப வேண்டாம், நான் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் முன்பள்ளியிலேயே ஒரு பிள்ளைக்குக் கச்சான் அல்வாத் துண்டு வாயில் வைத்துப் பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, வாந்தி எடுத்து, குரல் கம்மிவிட்டது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, தொடையில் அட்ரினலின் ஊசி போட்டுத்தான் மீண்டாள். பிறகு இரத்தத்தில் பார்த்தபோது கச்சானுக்கு அவளுடைய எண் 2.4. என் மகனுடைய முட்டை எண்ணைவிடக் குறைவு. அவளுக்கு அது உயிர்ப் பிரச்சினை, இவனுக்கு வெறும் எண். நடந்த கதை முன்னால் இருந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. நெகற்றிவ் வந்தாலும் அப்படித்தான், கதை பலமாக இருந்தால் டொக்டர் அதோடு விட மாட்டார்.

மச்சாளுக்கு இதெல்லாம் திருப்தி இல்லை. இருநூறு சாப்பாட்டுக்கு ஐஜிஜி பார்க்கிற பரிசோதனை இருக்கிறதாம், அதை எடு என்கிறார். அது வேறு எதிர்ப்பொருள், ஒரு சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டும். அதை வைத்து உணவு ஒவ்வாமையைத் தீர்மானிக்க வேண்டாம் என்று அவருடைய நாட்டு ஒவ்வாமை நிபுணர்களின் சங்கமே 2012இல் அறிக்கை விட்டது. அனுப்பினேன். நீலச் சரி விழுந்தது, பதில் வரவில்லை.

இனி உங்கள் மகளுக்கு. அந்த ஏழில் எதையாவது சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு வந்திருந்தால் அதை மட்டும் டொக்டரைக் காணும்வரை கொடுக்காதீர்கள். மூச்சுத் திணறினால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. இன்றுவரை சுகமாய்ச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைத் தாளுக்காக நிறுத்தாதீர்கள். ஒரு கொப்பியில் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, தடிப்பு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நின்றது, அந்த வாரம் காய்ச்சல் இருந்ததா என்று எழுதுங்கள். தடிப்பைப் போனில் படம் எடுங்கள், கிளினிக்குக்குப் போகிற நாளில் அது மறைந்துதான் இருக்கும். ரிப்போட்டின் எல்லாப் பக்கத்தையும் கொண்டுபோங்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் தலையணை போய்விட்டது, மகன் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. படுக்கை விரிப்பைக் கிழமைக்கு ஒருதரம் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடுகிறேன். தும்மல் பத்திலிருந்து இரண்டு மூன்றுக்கு வந்திருக்கிறது. மாமி இறாலை மன்னித்துவிட்டார். கத்தரிக்காய் மட்டும் இன்னும் கிரந்திதானாம். அதற்கு நான் வாதாடப் போகவில்லை, மகனுக்கும் கத்தரிக்காய் பிடிக்காது.