அடியில் மேயும் கூட்டம்: கோரி கெளுத்தி பற்றி வாசகர் கேள்வி, பதில்

கேள்வி (பாளையங்கோட்டை): இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத் தொட்டி. பத்து நியான் டெட்ரா இருக்கிறது. 'அடியில் கிடக்கிற கழிவையெல்லாம் தின்னுடும்' என்று கடையில் சொன்னதால் ப்ரான்ஸ் கோரி, பெப்பர் கோரி, பாண்டா கோரி என வகைக்கு ஒன்று வாங்கினேன். மூன்றும் ஃபில்டருக்குப் பின்னாலேயே ஒளிந்து கிடக்கின்றன. வயிறும் ஒட்டிப்போய்விட்டது.

பதில்: கோரி கழிவைத் தின்னாது, பாசியையும் தின்னாது. நீங்கள் மேலே தூவும் தீனியை டெட்ரா மிச்சம் வைக்காததால் கீழே இருப்பவை பட்டினி. விளக்கை அணைத்து அரை மணி கழித்து மூழ்கும் பெல்லட் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் தீரும் அளவு போதும். வாரம் இரண்டு நாள் உறைய வைத்த ரத்தப்புழு கொடுக்கலாம். சாக்கடை ஓரம் அள்ளி விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு வேண்டாம், நோயும் சேர்ந்து வரும்.

ஒளிந்து கிடப்பதற்குக் காரணம் துணை இல்லாதது. ஒரே வகையில் குறைந்தது ஆறு இருந்தால்தான் பகலில் வெளியே வந்து மணலைக் கிளறும். வகைக்கு ஒன்று என்பது பார்க்க அழகு, மீனுக்குத் தனிமை. உங்கள் தொட்டி முழுக் கொள்ளளவு ஏறக்குறைய 70 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 55 லிட்டர் நிற்கும். ஒரே வகையில் ஆறு கோரியும் டெட்ராக்களும் அதில் தாராளமாக இருக்கும்.

எந்த வகை என்பதை நம்ம ஊர் வெயிலே முடிவு செய்துவிடுகிறது. பெப்பரும் பாண்டாவும் 20 முதல் 25 டிகிரி கேட்பவை. சித்திரையில் நம் வீட்டுத் தண்ணீர் 31 தொடும்போது அவை தாங்காது. ஸ்டெர்பாய் என்ற கோரி வகை 24 முதல் 28 வரை சுகமாக இருக்கும், சில நாள் 30 வந்தாலும் சமாளிக்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் திருநெல்வேலிக்கு அதைத்தான் முதலில் சொல்வோம். அடுத்தது ப்ரான்ஸ், அதற்குக் கோடையில் மின்விசிறி வேண்டும். கையில் ப்ரான்ஸ் ஒன்று இருப்பதால் மற்ற இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் ஐந்து ப்ரான்ஸ் சேருங்கள். நியானும் குளிர்ச்சி விரும்பிதான். அடுத்த முறை கார்டினல் டெட்ரா வாங்குங்கள்.

வாங்கி வரும்போது ஒரு பையில் இரண்டு, மூன்றுக்கு மேல் அடைக்கச் சொல்லாதீர்கள். பயந்தால் நஞ்சு கலந்த சளியை விடும். சின்னப் பையில் அதுவே அவற்றைக் கொல்லும். துடுப்பு முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும் என்பதால் வலையில் மாட்டினால் இழுக்கக் கூடாது, பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு எடுங்கள்.

கேள்வி (திசையன்விளை): போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 1200 காட்டுகிறது. அடியில் கடற்கரை மணல் போட்டிருக்கிறோம். கோரிகளின் மீசை தேய்ந்து குட்டையாகிவிட்டது. மணல் குத்துகிறதா?

பதில்: மீசை தேய மணலின் கூர்மை மட்டும் காரணமில்லை. அடியில் தீனி அழுகி, அதில் பாக்டீரியா பெருகி மீசை நுனியை அரிப்பதே பெரும்பாலும் நடப்பது. வாரம் ஒருமுறை மணலை விரலால் லேசாகக் கிளறி, மேலே வரும் அழுக்கை ட்யூபால் உறிஞ்சி எடுங்கள். வேர்ப்பகுதி முழுதும் போகாமலிருந்தால் மீசை மறுபடி வளரும்.

கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும். அது கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு கரண்டி மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. எம்-சாண்ட் உடைத்த கல், ஓரம் கூர். தேரி மணல் (செம்மணல்) நைசானதுதான், ஆனால் செம்பொடி கலங்கிக்கொண்டே இருக்கும், அலசி மாளாது. பூச்சு வேலைக்குச் சலிக்கும் சல்லடையில் சலித்த பழைய ஆற்று மணல் கிடைத்தால் அதுவே உத்தமம். இரண்டடித் தொட்டிக்கு ஓர் அங்குல கனத்துக்கு ஏழு, எட்டு கிலோ ஆகும். வாளியில் போட்டுத் தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள்.

தண்ணீருக்கு: ஒரு வாளி போர் தண்ணீர், மூன்று வாளி ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் 320 வாக்கில் இறங்கும். ஆனால் மொத்தமாக ஒரே நாளில் மாற்றாதீர்கள். வாரம் இரண்டு முறை ஐந்தில் ஒரு பங்கு வீதம் மாற்றி, ஒரு மாதத்தில் இறக்குங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): மதியம் ஆனால் கோரிகள் விர்ரென்று மேலே போய் வாயைத் திறந்துவிட்டுக் கீழே விழுகின்றன. மூச்சு முட்டுகிறதா?

பதில்: எப்போதாவது ஒருமுறை போனால் கவலை வேண்டாம். கோரி மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் மூச்சுவிடும் மீன். அதனால்தான் தொட்டியை வாய்வரை நிரப்பாமல் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு அங்குலம் விட வேண்டும். நிமிடத்துக்கு ஒருதடவை போனால்தான் கோளாறு. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 32 டிகிரியில் 7.3 மட்டுமே. அத்தோடு மின்தடை வந்து ஃபில்டர் நின்றால் கேட்கவே வேண்டாம். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். அம்மோனியா ஏறினாலும் இதே அடையாளம் தெரியும் என்பதால் அதையும் சோதியுங்கள்.

மூடியைச் சற்று விலக்கி, சின்ன விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்த்து வீசவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அந்த அளவுக்குக் குறையாது, அப்போது தேவையும் இல்லை. விசிறி போட்டால் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. வற்றிய அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றினால் டி.டி.எஸ். வாரா வாரம் ஏறும். அதற்கு ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது. இன்னொன்று: தட்டட்டியில் (மொட்டைமாடியில்) உள்ள தொட்டித் தண்ணீரை மதியம் திறந்து நேராக ஊற்றாதீர்கள். குழாயில் வருவது வெந்நீர். அதிகாலையில் பிடித்து, ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் சூடும் தணியும், குளோரினும் போகும்.

கேள்வி (வள்ளியூர்): வயல் ஓடையில் பிடித்த அயிரையைக் கோரியோடு விடலாமா?

பதில்: விடலாம். இரண்டும் மணல் கிளறி, சண்டை போடாதவை. அயிரை நம்ம ஊர் வெப்பத்துக்குப் பழகியது. மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள், வயல்மீனில் ஒட்டுண்ணி இருக்கும்.

கேள்வி (பாளையங்கோட்டை): வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிட்டது. ஒரு கைப்பிடி கல்லுப்பு போடச் சொல்கிறார்கள்.

பதில்: கைப்பிடிக் கணக்கு வேண்டாம். கோரி அடிவயிற்றில் எலும்புத்தகடு இல்லாத மீன், உப்பையும் மருந்தையும் சீக்கிரம் உறிஞ்சிவிடும். மாலகைட் கிரீன் மருந்தைப் புட்டியில் எழுதிய அளவில் பாதி போட்டு, மறுநாள் கால் பங்கு தண்ணீர் மாற்றி மறுபடி பாதி போடுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்து அதில்தான் போய்ச் சேரும். புள்ளி மறைந்த பிறகும் நான்கு நாள் தொடருங்கள். தண்ணீரில் நீந்தும் குஞ்சுப் பருவத்தில்தான் மருந்து அந்தக் கிருமியைத் தொடும்.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): போன வாரம் பெருமழை அடித்த அன்று கண்ணாடியில் வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருந்தன. காலையில் பாதியைக் காணோம்.

பதில்: முட்டைதான். டெட்ராவும் பெற்றோருமே தின்றிருக்கும். குளிர்ந்த தண்ணீரும் மழைக்காலமும் ப்ரான்ஸ் கோரியை முட்டையிடத் தூண்டும். அடுத்த முறை பார்த்தவுடனே விரல்நுனியால் உருட்டி எடுங்கள், கோரி முட்டை உறுதியானது, நசுங்காது. ஐந்து லிட்டர் டப்பாவில் தொட்டித் தண்ணீரே ஊற்றி, ஏர் ஸ்டோன் மெல்ல ஓடவிட்டு, காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று போடுங்கள், பூஞ்சை குறையும். பால்போல வெளுக்கும் முட்டைகளைத் தினமும் பொறுக்கி எறியுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். மஞ்சள்கரு தீரும்வரை இரண்டு, மூன்று நாள் தீனி வேண்டாம். பிறகு ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சு அல்லது மைக்ரோ வார்ம் (நுண்புழு) கொடுங்கள். அவித்த முட்டைக்கரு போட்டால் தண்ணீர் ஒரே ராத்திரியில் நாறிவிடும்.