ஈயப் பட்டறையில் வேலை: ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயத் தகடு எடுக்கும் பட்டறையில் பல வருடமாக வேலை செய்கிறேன். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனையில் உயிரணு எண்ணிக்கையும் ஓட்டமும் குறைவு என்றார்கள். ‘உலோக நச்சை முறித்து உயிரணுவைக் காக்கும்’ என்று ஆன்லைனில் ஒரு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வருகிறது. மூன்று மாதத்துக்கு 5,400 ரூபாய். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று சோதித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி, ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும்.

விளம்பரத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஈயம் விரைகளில் ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தூண்டும், அதாவது ஆக்சிஜன் வினையால் செல்கள் கெடும். இதைத் தடுக்கும் பொருள்தான் ஆன்டிஆக்சிடன்ட். உயிரணுவின் சவ்வில் சீக்கிரம் கெட்டுப்போகும் கொழுப்பு அதிகம். அதைச் சரிசெய்துகொள்ளும் சக்தியோ மிகக் குறைவு. ஈயம் கொடுத்த எலிகளுக்கு வைட்டமின் சி, இ கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது. ஆனால் எலிக்குப் பலித்ததை வைத்து உங்களிடம் 5,400 ரூபாய் கேட்பது நியாயமில்லை. அமெரிக்காவில் குழந்தைக்காகச் சிகிச்சை பெற்ற 2,370 தம்பதிகளிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. ஆண்களுக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள். குழந்தைப் பிறப்பு கூடவில்லை, வயிற்று உபாதைதான் கூடியது. அவர்கள் ஈயத் தொழிலாளர்கள் இல்லைதான். அப்படியானால் ஈயத் தொழிலாளர்களிடம் பலன் கிடைத்ததற்கான ஆதாரத்தை விற்பவர்தான் காட்ட வேண்டும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஹெல்த் சப்ளிமென்ட் என்றால் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ (NOT FOR MEDICINAL USE) என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. முன்பக்கம் நச்சை முறிப்பதாகச் சொல்லும் டப்பாவின் பின்பக்கமே இப்படிச் சொல்கிறது. துத்தநாகம் எவ்வளவு என்றும் பாருங்கள். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து நாளுக்கு 40 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அப்புறம், ‘ஆண்மைக்கு’ என்று விற்கும் பஸ்பம், லேகியம் பக்கமே போகாதீர்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த 2008 ஆய்வில், ஐந்தில் ஒரு பங்கில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது.

காசில்லாமல் செய்யக்கூடியதுதான் அதிகம் உதவும். நகக்கண்ணில் அப்பியிருக்கும் சாம்பல் நிறத் தூள், அந்தக் கையோடு டிபன் பாக்ஸைத் திறந்தால் வயிற்றுக்குள் போகும். பட்டறைக்குள் சாப்பாடு, டீ, பீடி எதுவும் வேண்டாம். புகையிலைப் புகையில் காட்மியமும் சேர்ந்து வரும். குளித்து, உடை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். வேலைத் துணியை மனைவி துவைக்க வேண்டாம். கர்ப்பத்தில் ஈயம் குழந்தை வரை போகும்.

ஈய நஞ்சு சட்டப்படி தொழில்நோய். இஎஸ்ஐ அட்டை இருந்தால் ரத்தப் பரிசோதனையை அங்கேயே கேளுங்கள். அளவு கூடுதலாக இருந்தால், ஈயம் படாத வேலைக்கு மாற்றித் தரும்படி டாக்டரிடம் எழுதி வாங்கி முதலாளியிடம் கொடுங்கள். ஓர் உயிரணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் ஈயத்திலிருந்து விலகி மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதற்குள் யூராலஜி டாக்டர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள். வெரிகோசீல் (விரைப்பையில் ரத்தக் குழாய் வீங்குவது) போல வேறு காரணமும் இருக்கலாம்.