பட்டா தேடப்போய் 499 ரூபாய்

கேள்வி: அப்பா பெயரில் சீர்காழி பக்கம் மூன்று மா நிலம் இருக்கிறது. அவர் போய் மூன்று வருடமாகிறது. பட்டா நகல் எடுக்கலாம் என்று கூகுளில் தேடினேன். முதலில் வந்த தளத்தில் அரசு முத்திரை இருந்தது. பெயர், ஆதார் அட்டைப் படம் எல்லாம் வாங்கிக்கொண்டு 499 ரூபாய் கட்டச் சொன்னது, கட்டினேன். நான்கு நாளாகியும் ஒன்றும் வரவில்லை. பிறகு பேரன் வேறொரு தளத்தைக் காட்டி, இதுதான் அரசுத் தளம் என்றான். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் எங்கள் வட்டமே இல்லை. எதைத்தான் நம்புவது? – ஒரு வாசகி, சென்னை

அம்மா, பேரன் காட்டியதுதான் சரியான தளம். உங்கள் ஊரும் அதில் இருக்கிறது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது சீர்காழி வட்டம் அதோடு போய்விட்டது, அவ்வளவுதான். அப்பாவின் பழைய தாள்களில் தஞ்சாவூர் மாவட்டம் என்றே எழுதியிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். 1991 வரை அதுதான் சரி.

மாவட்டம் பிரிப்பதற்குப் பந்தல் போட்டு விழா எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, பழைய மாவட்டத்தில் போய்த் தேடுகிறவரிடம் ‘உங்கள் வட்டம் இப்போது மயிலாடுதுறையில்’ என்று ஒரு வரி சொல்லத் தோன்றுவதில்லை. அந்த ஒரு வரி இல்லாத இடத்தில்தான் 499 ரூபாய்க்காரன் கடை விரித்திருக்கிறான். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தைத் திறங்கள். முகவரி ‘இ-சர்வீசஸ் டாட் டி.என். டாட் கவ் டாட் இன்’. இ-க்கும் சர்வீசஸுக்கும் நடுவில் கோடு போடாமல் ஒரே சொல்லாக அடியுங்கள். கூகுளில் தேடி நுழைய வேண்டாம், மேலே முகவரிப் பட்டையிலேயே கைப்பட அடியுங்கள். பட்டா, சிட்டா விவரம் பார்வையிடும் பகுதிக்குப் போய் மயிலாடுதுறை மாவட்டம், சீர்காழி வட்டம், உங்கள் கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். பட்டா எண்ணோ, புல எண்ணும் (சர்வே எண் என்பதும் இதுதான்) உட்பிரிவு எண்ணுமோ கொடுக்க வேண்டும். கைபேசி எண் கேட்கும், ஓ.டி.பி. வரும். அதை நீங்களே திரையில் அடிக்க வேண்டும். போனில் கூப்பிட்டு அதைக் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் திருடன்தான். கட்டணம் கிடையாது. ஆதாரும் தேவையில்லை. அப்பா பெயரில் பட்டா இருந்தால் அங்கேயே அச்செடுத்துக்கொள்ளலாம்.

எண் தெரியாதென்றால் வீட்டில் பழைய கிஸ்தி (நிலவரி) ரசீது கிடக்கிறதா பாருங்கள், பட்டா எண் அதில் இருக்கும். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் புல எண் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் ஊர் வி.ஏ.ஓ.வைத்தான் கேட்க வேண்டும்.

கிராமத்தின் பெயரிலும் ஒரு சிக்கல் வரும். நாம் புழங்கும் பெயர் வேறு, வருவாய்க் கணக்கில் இருக்கும் பெயர் வேறு. பட்டியலில் ஊர் இல்லை என்று பதறாமல், பத்திரத்தில் ‘வட்டம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கிராமத்தின் பெயர் இருக்கிறதென்று பார்த்து அதையே தேடுங்கள். இணையத்தில் எதைத் தேடுவதற்கும் இதுதான் வழி. நம் வாயில் வரும் சொல்லை விட்டு, அலுவலகம் எழுதும் சொல்லைப் போட வேண்டும். ‘நிலத்து வரைபடம்’ என்று அடித்தால் தரகன் வருவான். ‘புலப்படம்’ என்று அடித்தால் துறை வரும். ‘நிலத்தில் கடன் இருக்கிறதா’ என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘வில்லங்கச் சான்று’. இந்தச் சொற்களை விற்றுத்தான் வட்டாட்சியர் அலுவலக வாசலில் பாதிப் பேர் பிழைக்கிறார்கள். என் உறவினர் ஒருவர், படித்தவர், இலவசமாகத் திரையில் தெரியும் புலப்படத்துக்கு ஒரு தரகரிடம் 2,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்து என்னிடமே பெருமையாகக் காட்டினார்.

அடுத்தது, எதை நம்புவது என்ற கேள்வி. முத்திரையை நம்பாதீர்கள், சிங்க முகத்தையும் கோபுரத்தையும் யாரும் ஒட்டிவிடலாம். முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டுப் படத்தையும் நம்பாதீர்கள். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதற்குப் பொருள். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவன் யோக்கியன் என்று பூட்டு சொல்வதில்லை. கூகுளில் முதலில் வந்ததும் ஒரு தகுதி இல்லை. ‘விளம்பரம்’ என்றோ ‘ஸ்பான்சர்டு’ என்றோ பொடி எழுத்தில் போட்டிருந்தால் அது காசு கொடுத்துப் பிடித்த முன்வரிசை.

பார்க்க வேண்டியது முகவரியின் வால். தபால் முகவரியில் கடைசி வரிதானே ஊரைச் சொல்கிறது? இங்கேயும் அப்படித்தான். தொடக்கத்தில் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ஸை ஒட்டி வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறதோ அதுதான் வீட்டுக்காரன் பெயர். ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடிந்தால் அரசு. ‘டி.என். டாட் கவ் டாட் இன் டாட் பட்டாசேவை டாட் காம்’ என்று நீண்டால், முன்னால் இருப்பதெல்லாம் வேஷம், வீட்டுக்காரன் பட்டாசேவை டாட் காம். ‘கவ் டாட் இன்’ வாலை அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். டாட் காம், டாட் இன், டாட் ஓ.ஆர்.ஜி. மூன்றையும் சில நூறு ரூபாய்க்கு எவனும் வாங்கலாம்.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள்: அப்படியானால் ரயில் டிக்கெட் தளம்? கேட்க வேண்டியதுதான். ஐ.ஆர்.சி.டி.சி. தளம் ‘டாட் கோ டாட் இன்’ என்று முடிகிறது. பிள்ளைகளின் எதிர்காலமே தொங்கும் பொறியியல் கலந்தாய்வுத் தளம் ‘டி.என்.இ.ஏ. ஆன்லைன் டாட் ஓ.ஆர்.ஜி.’ மின்கட்டணம் கட்டும் தளமும் ஓ.ஆர்.ஜி.தான். எல்லாம் உண்மையான தளங்கள், வால் மட்டும் கடைத்தெரு வால். அரசே தன் வீட்டுக்கு ஒரே மாதிரிக் கதவு வைக்காமல், போலிக் கதவைப் பார்த்து மக்கள் ஏமாறுகிறார்கள் என்று எச்சரிக்கை விடுவது என்ன நியாயம்? வங்கிகளைப் பாருங்கள், எல்லாரும் ‘டாட் பேங்க் டாட் இன்’ வாலுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது. மனசு வைத்தால் முடியும் காரியம்தான். அதுவரை, வேறு வால் உள்ள தளங்களின் முகவரியை அச்சில் வந்த தாளில் இருந்து எடுங்கள்: செய்தித்தாளில் வந்த கலந்தாய்வு அறிவிப்பு, ரயில் டிக்கெட், கல்லூரி கொடுத்த கையேடு. பிறகு அதை உலாவியில் புக்மார்க் செய்து வைத்து, எப்போதும் அதன் வழியாகவே போங்கள். உங்கள் பட்டா விஷயத்துக்கு இந்த விதிவிலக்கு தேவையே இல்லை. நிலம் சம்பந்தப்பட்ட எல்லாமே ‘கவ் டாட் இன்’னுக்குள்தான்.

பேரன் ஏ.ஐ.யிடமும் கேட்பான். கேட்கட்டும், ‘இதற்கு அரசு வைத்திருக்கும் பெயர் என்ன’ என்று கேட்டால் நன்றாகச் சொல்லும். முகவரி கேட்டால் பழையதையோ இல்லாததையோ கூசாமல் நீட்டும். யூடியூப் காணொளி பார்த்தால் தேதியைப் பாருங்கள், இரண்டு வருடத்துக்கு முந்தைய திரை இன்று அப்படி இருக்காது. கீழே விவரக் குறிப்பில் ஒரு வாட்ஸ்அப் எண் இருந்தால் மூடிவிடுங்கள்.

பட்டாவோடு வில்லங்கமும் பார்த்துவிடுங்கள். ‘டி.என்.ரெஜிநெட் டாட் கவ் டாட் இன்’ பதிவுத் துறையின் தளம். பார்வையிட இலவசம், முத்திரையோடு சான்று வேண்டும் என்றால்தான் கட்டணம். இங்கே மாவட்டம், வட்டம் போதாது, சார்பதிவாளர் அலுவலகம் எதுவென்று தெரிய வேண்டும். கிராமத்தின் பெயரைக் கொடுத்து அதைத் தேடும் வசதி அங்கேயே இருக்கிறது. பத்திரத்தில் பழைய சர்வே எண், புதிய சர்வே எண் என்று இரண்டு இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு ‘வில்லங்கம் இல்லை’ என்று நிம்மதியானவர்கள் நிறையப் பேர்.

கொடுத்த 499 ரூபாய்க்கு இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணப் பரிமாற்ற எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருமோ வராதோ, புகார் பதிவாக வேண்டும். எனக்கு அதைவிடக் கவலை, ஆதார் படம். ஆதார் ஆணையத்தின் செயலியில் விரல்ரேகைப் பதிவைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது, பேரனை உட்காரவைத்துப் பூட்டுங்கள். இனி யாராவது நகல் கேட்டால், முதல் எட்டு எண் மறைக்கப்பட்ட ஆதாரையே கொடுங்கள்.

திரையில் பட்டா வந்ததும் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். எண்பதுகளில் யூ.டி.ஆர். என்று கணக்கையெல்லாம் புதிதாக எழுதியபோது புகுந்த தவறுகள் அப்படியே கணினிக்கும் ஏறியிருக்கின்றன. அப்பா பெயருக்குப் பதில் பக்கத்து வயல்காரர் பெயர் இருக்கலாம், பரப்பு குறைந்திருக்கலாம். அதைத் திருத்தித் தருவதாகச் சொல்லும் எந்தத் தளத்துக்கும் காசு கட்டாதீர்கள். பெயர் சரியாக இருந்தால், வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுப் போடுங்கள், கட்டணம் 60 ரூபாய். தவறாக இருந்தால் பழைய பட்டா, பத்திரம், இந்த அச்சுத்தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஜமாபந்தி (வட்டாட்சியர் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும் நாளில் சீர்காழிக்கு நேரில் போய் மனுக் கொடுங்கள். மனு எண் போட்ட ரசீதைக் கையில் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.