பட்டறைப் பதில்கள்: பழைய போர் விமானமும் புது நட்டும்

இரண்டு இதழ்களுக்கு முன், விமானப்படையில் நான் எஞ்சின் ஃபிட்டராக இருந்தபோது கைவைத்த பாக்கெட் சரக்கு விமானத்தைப் பற்றி எழுதினேன். அதே குடும்பத்து எஞ்சின் அமெரிக்காவில் ஒரு பந்தய விமானத்திலும் ஓடியது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களே இப்போது மேசையில் குவிந்து கிடக்கின்றன. பம்ப் செட், தையல் மெஷின் கேள்விகளை அனுப்பியவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நீங்கள் எழுதிய அந்த விமானப் பந்தயத்துக்கு 'அன்லிமிடெட்' என்று பெயராமே. விதியே இல்லையா? எண்பது வயதான போர் விமானங்களை ஏன் ஓட்டுகிறார்கள்?
பள்ளி ஆசிரியர், குடியாத்தம்

விதி உண்டு. பிஸ்டன் எஞ்சின்தான் இருக்க வேண்டும், புரொப்பல்லர்தான் இழுக்க வேண்டும், ஜெட் கூடாது. வெற்று எடை 4,500 பவுண்டுக்குக் குறையக்கூடாது. எஞ்சின் எவ்வளவு பெரியது, எத்தனை குதிரைத்திறன் என்பதற்கு மட்டும் வரம்பில்லை. பெயர் அதனால் வந்தது.

நெவாடா மாநிலத்து ரீனோவில் 1964 முதல் 2023 வரை இது நடந்தது. பிறகு நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லுக்கு மாற்றப்பட்டது. பாலைவனத்தில் கம்பங்களை நட்டு, சுமார் எட்டு மைல் சுற்றளவுள்ள பாதையைத் தரையை ஒட்டிப் பறந்து சுற்றுகிறார்கள். முன்னணி விமானங்களின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர். காட்பாடியில் ரயில் ஏறி அரக்கோணத்தில் இறங்க நமக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அந்தத் தூரத்தை இவை ஐந்து நிமிடத்துக்குள் கடந்துவிடும்.

பழைய விமானம் ஏன் என்றால், 1945-ஐ ஒட்டி ஜெட் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிஸ்டன் போர் விமானம் கட்டுவது நின்றுபோனது. ஆகவே அந்த வகையின் உச்சம் அந்தக் காலத்தோடு நிற்கிறது: மஸ்டாங், பேர்கேட், சீ ஃபியூரி. சீ ஃபியூரிக்கு முன்னோடியான டெம்பெஸ்ட் விமானம் சுதந்திரத்துக்குப் பின் நம் விமானப்படையிலும் இருந்தது.

நான் தனியார் பஸ் கம்பெனியில் மெக்கானிக். டர்போ எஞ்சினில் காற்றழுத்தம் கொஞ்சம் கூடினாலே ஹெட் கேஸ்கெட் போய்விடுகிறது. இந்தப் பந்தயத்தில் 1,500 குதிரைத்திறன் எஞ்சினை 3,000-க்கு மேல் கொண்டுபோகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எப்படித் தாங்குகிறது?
ஆரணி வாசகர்

கேட்க வேண்டியவர் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஓர் உண்மை: பல நேரங்களில் தாங்குவதில்லை. ரீனோவில் வெடித்த எஞ்சின்களைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும்.

மஸ்டாங்கில் இருப்பது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின். பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர், தண்ணீரால் குளிர்வது. பின்பக்கம் சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 30 அங்குலம். போர்க்காலத்தில் மஸ்டாங் தரையைவிட்டுக் கிளம்ப 61 அங்குலம் கொடுத்தார்கள். பந்தயத்தில் 120-ஐத் தாண்டுகிறார்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்பதை 3,400-க்கு மேலே கொண்டுபோகிறார்கள்.

இங்கே எதிரி டெட்டனேஷன். உங்கள் மொழியில் நாக்கிங். அமுக்கிய காற்று கொதிக்கிறது, பிளக் பொறி தருவதற்கு முன்போ பின்போ எரிபொருள் தானாக வெடிக்கிறது, பிஸ்டன் தலையில் சம்மட்டி விழுகிறது. அதைத் தடுக்கத் தண்ணீரையும் மெத்தனாலையும் கலந்து உள்ளே பீய்ச்சுகிறார்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்கிறது. பந்தயத்தின் நடுவில் இந்தத் தண்ணீர் நின்றால், விமானி கை எடுத்துத் திராட்டிலைக் குறைப்பதற்குள் எஞ்சின் முடிந்துவிடும்.

அடுத்து உள்ளுறுப்பு. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டுதான் கனெக்டிங் ராடு. மெர்லினின் சொந்த ராடு அந்த அடியைத் தாங்காது. ஆகவே அமெரிக்க அல்லிசன் எஞ்சினின் தடித்த ராடுகளை எடுத்து, மெர்லினுக்குப் பொருந்தும்படி கடைந்து போடுகிறார்கள். ஹெட்டும் சிலிண்டர் பேங்க்கும் போர் மெர்லினுடையவை அல்ல. போருக்குப் பின் பயணிகள் விமானத்துக்காக இன்னும் உறுதியாகச் செய்த வகை. ஒரு கம்பெனியின் கிராங்க் கேஸில் இன்னொரு கம்பெனியின் ராடு! இதைப் படித்தபோது நம் லேத் பட்டறைகளின் ஞாபகம் எனக்கு வந்தது. தேவை வந்தால் கைத்தொழில்காரன் எங்கும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறான்.

குளிர்விப்பதிலும் ஒரு தந்திரம். ரேடியேட்டருக்குக் காற்று பிடிக்க வாயைப் பெரிதாகத் திறந்தால் அது விமானத்தைப் பின்னால் இழுக்கும். எனவே வாயைச் சிறிதாக்கி, ரேடியேட்டர் மேல் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். டாரில் கிரீனமையர் என்பவர் தம் பேர்கேட்டில் எண்ணெய்க் கூலருக்குக் காற்றே வேண்டாம் என்று, அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து நீராவியாகக் கொதித்து வெளியேற விட்டார். 1969-ல் அந்த விமானம் மணிக்கு 483 மைல் பறந்து, ஜெர்மானியர் 1939-ல் நாட்டிய 469 மைல் சாதனையை முறியடித்தது. முப்பது ஆண்டு நின்ற சாதனை அது.

எஞ்சினைவிட மலிவான வழி ஒன்றும் உண்டு, உழைப்புத்தான் அதிகம். இறக்கையின் ஒவ்வொரு ரிவெட் தலைக்கும் மூட்டுக்கும் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, கண்ணாடி போல ஆக்குவது. உங்கள் ஊரில் பஸ் பாடிக்குச் செய்வதுதான். ஆனால் விரல் நுனிக்குத் தட்டுப்படும் மேடுகூட இருக்கக்கூடாது. இறக்கை நுனியைச் சில அடி வெட்டுகிறார்கள். விமானியின் கண்ணாடிக் கூண்டைத் தலை மட்டும் நுழையும் அளவுக்குத் தாழ்த்துகிறார்கள்.

இறுதிப் பந்தயம் முழுவதும் எட்டு நிமிடம் அளவில் முடிந்துவிடுகிறது. அந்த எட்டு நிமிடத்துக்காகக் கட்டப்படும் எஞ்சின் அது. தினமும் நானூறு கிலோமீட்டர் ஓடும் உங்கள் பஸ்ஸில் இதில் எதையும் முயல வேண்டாம்.

பர்மாவில் கிடந்த விமானம் ஒன்று இந்தப் பந்தயத்தில் ஜெயித்ததாமே? என் தகப்பனார் ரங்கூனில் இருந்தவர். அதனால் கேட்கிறேன்.
ஓய்வுபெற்ற தபால்காரர், வாணியம்பாடி

உண்மை. அதன் பெயர் டிரெட்நாட். பர்மா விமானப்படையில் இருந்த, இரண்டு இருக்கை கொண்ட சீ ஃபியூரி பயிற்சி விமானம். அமெரிக்காவின் சாண்டர்ஸ் குடும்பத்தார் அதை வாங்கிக் கொண்டுபோய், பழைய பிரிட்டிஷ் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பிராட் அண்ட் விட்னியின் 28 சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். ஏழேழாக நான்கு வரிசைச் சிலிண்டர்கள், 71 லிட்டருக்கு மேல். பந்தயத்துக்கு வந்த முதல் ஆண்டான 1983-லேயே அது வென்றது. 1986-லும் வென்றது. உங்கள் தகப்பனார் ஊரிலிருந்து போன விமானம் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு நெருக்கமானது இன்னொன்று: ரேர் பேர். கைவிடப்பட்டுச் சிதைந்து கிடந்த ஒரு பேர்கேட்டை லைல் ஷெல்டன் வாங்கிக் கட்டி எழுப்பினார். அதற்குரிய எஞ்சின் 46 லிட்டர். அதை விட்டுவிட்டு அவர் பொருத்தியது ரைட் 3350, 55 லிட்டர். 1989-ல் அது மூன்று கிலோமீட்டர் நேர்பாதையில் மணிக்கு 528.33 மைல் பறந்தது.

அந்த 3350 குடும்பத்து எஞ்சின் இரண்டுதான் எங்கள் பாக்கெட்டின் இரு பக்கமும் இருந்தது. ஆக்ராவில் டிசம்பர் விடியற்காலை. பனிமூட்டத்தில் பக்கத்து விமானம் தெரியாது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் புரொப்பல்லரைக் கையால் சுற்ற வேண்டும். வட்டமாக அமைந்த சிலிண்டர்களில் கீழே இருப்பவற்றில் இரவெல்லாம் எண்ணெய் வடிந்து தேங்கியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட்டரை அழுத்தினால், எண்ணெயை அமுக்க முடியாமல் ராடு வளைந்துவிடும். மூன்று பேர் பிளேடைத் தோளால் தள்ளுவோம், ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே. கனம் திடீரென்று கூடினால் உடனே நிறுத்திவிட வேண்டும். பிறகு எஞ்சினை மூடியிருக்கும் கவுலிங்கைத் திறந்து, கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினால், கறுப்பு எண்ணெய் மெதுவாக நூல் பிடித்து இறங்கும். பதினெட்டுச் சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டாக முப்பத்தாறு பிளக். எத்தனை ஆண்டு ஆனாலும் அந்தப் பிளக் ஸ்பானரின் குளிர்ச்சி என் உள்ளங்கையில் இருக்கிறது.

லடாக்கின் உயரத்துக்கு அந்த இரண்டு எஞ்சினும் போதாமல், பாக்கெட்டின் முதுகில் ஒரு சிறிய ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சினையும் ஏற்றினார்கள். அதுவும் ஒரு மாற்றம்தான். ஆனால் வரைபடம், சோதனை, கையெழுத்து எல்லாம் முடிந்த பிறகே அது எங்கள் கைக்கு வந்தது. இதை அடுத்த பதிலுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

2011-ல் ரீனோவில் பார்வையாளர்கள் மேல் விமானம் விழுந்ததற்குச் சின்ன நட்டுகள்தான் காரணம் என்று படித்தேன். நம்ப முடியவில்லை. அப்படியும் நடக்குமா ஐயா?
செவிலியர், வேலூர்

நடக்கும் அம்மா. நடந்தது. 2011 செப்டம்பர் 16. 'கேலப்பிங் கோஸ்ட்' என்ற மஸ்டாங், விமானி ஜிம்மி லீவர்ட். அவரோடு பார்வையாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள்.

விமானத்தின் வாலில் கிடைமட்டமாக இருக்கும் எலிவேட்டரின் ஓரத்தில், டிரிம் டேப் என்ற சிறு பலகை ஒன்று இருக்கிறது. பந்தய வேகத்தில் மஸ்டாங்கின் மூக்கு மேலே எழப் பார்க்கும். அதைக் கீழே பிடித்துவைப்பது இந்தப் பலகை. அதைத் தாங்கும் திருகுகளில் பழைய லாக் நட்டுகளைத் திரும்பப் போட்டிருந்தார்கள். அவை தளர்ந்தன, ஒரு திருகில் விரிசல் இருந்தது. பலகை காற்றில் படபடக்கத் தொடங்கி, ஒரு பகுதி பிய்ந்து போனது. மூக்கு சட்டென்று மேலே தூக்கியது. விமானியின் உடலில் விழுந்த விசை 17.3 மடங்கு. எழுபது கிலோ மனிதர் ஒரு நொடிக்கு ஆயிரத்து இருநூறு கிலோ ஆகிறார். இரத்தம் தலைக்கு ஏறாது, நினைவு தப்பிவிடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த விமானத்தில் செய்த பெரிய மாற்றங்கள் முறையாகச் சோதிக்கப்படவும் இல்லை, எழுதிவைக்கப்படவும் இல்லை என்று விசாரணை சொன்னது.

எனக்குத் தாங்க முடியாதது வேறு. 1998-லேயே 'வூடூ' என்ற இன்னொரு மஸ்டாங்கில் இதே டிரிம் டேப் பிய்ந்தது. விமானி பாப் ஹன்னா மயங்கினார். விமானம் தானாக மேலே ஏறியதால், பல ஆயிரம் அடி உயரத்தில் கண்விழித்துப் பத்திரமாக இறங்கினார். பதின்மூன்று ஆண்டு முன்பே மணி அடித்திருக்கிறது. (அந்த வூடூதான் 2017-ல் மணிக்கு 531 மைல் பறந்தது.)

லாக் நட்டின் உள்ளே நைலான் அல்லது நார் வளையம் ஒன்று இருக்கும். புது நட்டை விரலால் திருகினால் வளையம் வரைக்கும் போகும், அங்கே நின்றுவிடும். அதற்கு மேல் ஸ்பானர் வேண்டும். போட்டுக் கழற்றியதில் வளையத்தில் மரை பதிந்துவிட்டால், விரலாலேயே கடைசி வரை ஓடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விரல்தான் வித்தியாசம் சொல்லும். விரலுக்கு ஓடுகிற நட்டைக் குப்பையில் போட வேண்டும். படையில் எங்களுக்கு அது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். எதை மாற்றினோம், யார் மாற்றினார், யார் சரிபார்த்தார் என்று ஃபார்ம் 700-ல் கையெழுத்து விழாமல் விமானம் கிளம்பாது.

அப்படிப் பழகிய நானே தவறினேன். ஓய்வுபெற்று வந்து பாகாயத்தில் பட்டறை வைத்த புதிது. கணியம்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் கிணற்று ஆயில் எஞ்சினைக் கொண்டுவந்தார். ராடைக் கிராங்க்கோடு பிடித்துவைக்கும் பிக் எண்ட் போல்ட் புதிது சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். நிலக்கடலை காய்கிறது என்று அவர் வாசலில் நின்றார். பழைய போல்ட்டையே என் கையால் முறுக்கிக் கொடுத்தேன். நான்காம் நாள் போல்ட் அறுந்து, ராடு கிராங்க் கேஸைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. எஞ்சின் பக்கத்தில் இருக்க வேண்டிய பையன் மடை மாற்றப் போயிருந்தான். அந்த எஞ்சினுக்கு நான் பணம் கொடுத்தேன். பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் எதைக் கொடுத்திருப்பேன்? அன்றிலிருந்து என் பட்டறையில் ஒரு நோட்டு இருக்கிறது. மாற்றிய ஒவ்வொரு போல்ட்டும் அதில் தேதியோடு இருக்கிறது.

பந்தயத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் விமானி என்ன செய்வார்?
பாலிடெக்னிக் மாணவர், ராணிப்பேட்டை

தம்பி, உடனே மூக்கைத் தூக்கி மேலே ஏறுவார். 800 கிலோமீட்டர் வேகம் இருக்கிறதே, அதை உயரமாக மாற்றிக்கொள்வார். உயரம் கிடைத்ததும் 'மேடே' என்று ரேடியோவில் ஆபத்தை அறிவித்துவிட்டு, எந்த ஓடுதளம் எட்டும் என்று பார்த்துச் சறுக்கி இறங்குவார். மற்றவர்கள் கீழேயே பறப்பதால் மேலே இடம் காலியாக இருக்கும்.

நம் அப்துல்லாபுரம் ஓடுதளத்தில் இப்படி ஒரு பந்தயம் வருமா? வராது என்றால், இந்த எஞ்சினையாவது எங்கே பார்க்கலாம்?
கம்மவான்பேட்டை வாசகர்

வராது. சுற்றிலும் ஊரும் நெடுஞ்சாலையும் இருக்கிற இடம் அது. மைல் கணக்கில் ஆளில்லாத வெளி வேண்டும். வரவும் வேண்டாம் என்பது என் கருத்து.

எஞ்சினைப் பார்க்க கோவா போங்கள். வாஸ்கோவில் கடற்படையின் விமான அருங்காட்சியகத்தில் சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற பெரிய விமானம் வெளியே நிற்கிறது. அதன் நான்கு எஞ்சினும் 3350 குடும்பம்தான். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போனவர். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ விமானப்படையில் இருந்திருந்தால் அவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். எஞ்சினுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் தேங்கும் அந்தக் கீழ்ச் சிலிண்டர்களை அவரே காட்டுவார்.