வெந்நீர் ஊத்துல செடி வெந்து போகாம எப்படி கல்லாச்சு?

நம்ம சுங்காய் ஆயர் பானாஸ் வெந்நீர் ஊத்துல முட்டையே வெந்துடுது, அதுல செடி பூச்சி எப்படி கல்லா நிக்கும்னு கேட்டிருக்கீங்க. கொதிக்கிறது ஊத்து வாய்ல மட்டும்தான் லா, தள்ளி ஓடுற தண்ணி ஆறிடும், ஆறும்போது அதுல கரைஞ்சிருந்த சிலிகா (மணல்ல, கண்ணாடில இருக்கிற பொருள்) செடியோட செல்லுக்குள்ள வரைக்கும் பூந்து அழுகறதுக்கு முன்னாடியே இறுகிடும்.

ஸ்காட்லாந்துல ரைனி கிராமத்துல 1912 வாக்குல டாக்டர் வில்லியம் மேக்கி கண்டுபிடிச்ச கல்லு இப்படித்தான், வயசு சுமார் 40 கோடி வருஷம். கண்ணாடி மாதிரி மெலிசா அறுத்து மைக்ராஸ்கோப்ல பாத்தா இலையே இல்லாத வெறும் தண்டு, அதுல மூச்சு விடுற ஓட்டை, உள்ள பூஞ்சை நூல், எல்லாம் நேத்து வெட்டுன மாதிரி இருக்கும். சிலந்திக்கு சொந்தக்கார உயிரி ஒண்ணோட நுரையீரல் மடிப்பு கூட தெரியுது, எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். அதே கல்லுல ரைனியோக்னாதான்னு ஒண்ணு, தாடையும் தலையோட கொஞ்ச பாகமும்தான் கிடைச்சது, ரொம்ப நாளா அதான் உலகத்துலயே பழைய பூச்சின்னாங்க, இப்ப பூரான் வகையா இருக்கலாம்னு சண்டை.