ஃபோர் வீல் லீவர் இறுகிய டபள் கெப்: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: வவுனியாவில் எங்களுக்குக் கொஞ்சம் காணி இருக்கிறது. மாரி காலத்தில் உள்பாதையில் கார் போகாது. அதனால் பழைய டபள் கெப் ஒன்று தேடுகிறேன். தெஹிவளையில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் ஒன்று பிடித்துப்போனது. எஞ்சின், பெரிய கியர் எல்லாம் சுகம். ஆனால் பக்கத்திலுள்ள சின்ன ஃபோர் வீல் லீவர் இரண்டு கையாலும் இழுத்தால்தான் அசைகிறது. ஒரு மாதிரி 4 எச் (4H) நிலையில் போட்டு மரைன் டிரைவில் ஓடினேன். திரும்பி வந்து விற்பனை நிலையத்துக்குள் வளைத்தபோது வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தது. பிறகு லீவர் 2 எச்சுக்கு (2H) வரமாட்டேன் என்றது. கொஞ்சம் பின்னுக்கு எடுத்ததும் டக்கென்று விழுந்தது. மெதுவாக, பலமாக இழுக்கும் 4 எல் (4L) நிலை விழவேயில்லை. “கொழும்பில் யார் சேர் ஃபோர் வீல் போடுகிறார்கள்? பாவிக்காமல் இறுகிவிட்டது, ஓட ஓட இளகும்” என்கிறார் விற்பவர். “டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் இழுவையை முன், பின் சில்லுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) முடிந்தது, விட்டுத்தள்ளு” என்கிறான் மச்சான். விலையில் கொஞ்சம் குறைக்கவும் விற்பவர் தயார். என்ன செய்யலாம்?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: மச்சான் அவசரப்படுகிறார், விற்பவர் அவசரப்படுத்துகிறார். நீங்கள் இரண்டுக்கும் இடங்கொடுக்க வேண்டாம். முற்பணமும் இன்னும் கொடுக்க வேண்டாம்.

முதலில் அந்த வளைவில் நடந்ததைப் பார்ப்போம், ஏனென்றால் மச்சானைப் பயமுறுத்தியது அதுவாகத்தான் இருக்கும். இந்த வகை வண்டிகளில் 2 எச்சில் பின் சில்லுகள் மட்டும் இழுக்கும். 4 எச்சில் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் வண்டி வளையும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் வீதியிலோ கொங்கிறீட்டிலோ வழுக்க இடமில்லை. அந்த முறுக்கமெல்லாம் ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறி, உள்ளே பற்களை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் லீவர் வரவில்லை. நேராகப் பின்னுக்கு எடுத்தபோது முறுக்கம் கழன்றது, லீவர் விழுந்தது. ஆக, அது பழுதே இல்லை. நல்ல வண்டியும் அந்த இடத்தில் அப்படித்தான் செய்யும். மரைன் டிரைவ் இந்தச் சோதனைக்கு ஏற்ற இடமல்ல, அவ்வளவுதான்.

சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். சல்லி பரப்பிய வளவோ, மழையில் நனைந்த புல்தரையோ போதும். முதலில் நான்கு டயர்களின் பக்கத்தில் உள்ள அளவைப் படியுங்கள். இரண்டு டயரை மட்டும் மாற்றிவிட்டு விற்க நிறுத்துவது இங்கே சாதாரணம். முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு இன்னொரு அளவு என்றால், அல்லது ஒரு சோடி புதிது மற்றது மொட்டை என்றால், நேராக ஓடினாலும் முறுக்கம் ஏறும், லீவர் இறுகும். இதைக் கண்டுபிடிக்க பாஸ் (மெக்கானிக்) தேவையில்லை, குனிந்து பார்த்தால் போதும். அப்புறம் முன் சில்லின் நடுவில் கையால் திருப்பும் ஹப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு பக்கமும் ‘லொக்’ நிலையில் இருக்க வேண்டும். ‘ஃப்ரீ’யில் விட்டால் லீவர் விழும், டேஷ்போர்டில் ஃபோர் வீல் லைட் எரியும், ஆனால் முன் சில்லு இழுக்காது.

4 எல் விழாததற்கும் பல நேரங்களில் ஓட்டும் முறைதான் காரணம். வண்டியை முற்றாக நிறுத்தி, கிளச்சை முழுதாக மிதித்து, ஓட்டோ கியர் வண்டி என்றால் பெரிய கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு மாற்றுங்கள். சில வண்டிகளில் லீவரைக் கீழே அழுத்திக்கொண்டு தள்ளினால்தான் தடையைத் தாண்டும். அப்போதும் விழாவிட்டால் பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கக்கூடும். வண்டியை ஓரடி உருளவிட்டு நிறுத்தி மறுபடி போட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: 4 எச்சுக்கும் 4 எல்லுக்கும் இடையில் ‘என்’ (நியூட்ரல்) என்று ஒரு நிலை உண்டு. லீவர் அங்கே நின்றுவிட்டால், பெரிய கியர் ‘பி’யில் (பார்க்) இருந்தாலும் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சில்லுக்கு ஒரு கல்லும் வைக்காமல் யாரும் கீழே இறங்கக் கூடாது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் லீவர் இறுக்கமாகவே இருந்தால், உங்கள் பணத்தைத் தீர்மானிக்கப்போவது ஒரேயொரு சோதனைதான். வண்டியை பிட்டில் (கீழே நின்று வேலை செய்யும் குழியின் மேல்) ஏற்றி, லீவரிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும் கம்பியை, கேஸின் பக்கத்தில் கழற்றச் சொல்லுங்கள். பிறகு கேஸில் இருக்கும் சின்ன ஆர்மை மட்டும் கையாலோ சின்ன ஸ்பானராலோ தள்ளிப் பாருங்கள். டக், டக் என்று ஒவ்வொரு நிலையிலும் விழுந்தால் கேஸ் சுகம்; இறுக்கம் வெளியில்தான், அதாவது கம்பியின் மூட்டுகளில் உள்ள புஷ்களிலும் பிவொட்டிலும். கடற்கரைப் பக்கம் நின்ற வண்டியில் உப்புக்காற்று பட்டுக் கறள் பிடித்திருக்கும், அல்லது சேறு காய்ந்து கட்டிபட்டிருக்கும். கழற்றித் துலக்கி, புஷ் மாற்றி, கிரீஸ் வைப்பது ஒரு நாள் வேலை. லீவரின் அடியில் உள்ள றபர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றாவிட்டால் அடுத்த மாரிக்குப் பழைய குருடிதான். மாறாக, கம்பி கழன்ற பிறகும் ஆர்ம் அசைய மறுத்தால் வருத்தம் உள்ளே. ஷாஃப்ட் கறள் பிடித்திருக்கலாம், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கலாம். அப்போது மச்சான் சொன்னதுதான் சரி.

எல்லா வண்டிக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. சிலவற்றில் லீவர் நேரே கேஸின் மேல்பக்கத்துக்குள் இறங்கும், நடுவில் கம்பியே இல்லை. அங்கே லீவரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் புஷ்ஷைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வண்டி எந்த வகை என்பதைக் கீழே படுத்துப் பார்த்தால் பாஸ் உடனே சொல்லிவிடுவார்.

பிட்டில் நிற்கும்போதே ஒயிலையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பெரும்பாலும் தனி ஒயில், தனி மூடி. எஞ்சின் ஒயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட இதை வருடக்கணக்கில் தொடமாட்டார்கள். மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, உலோகத் துண்டுகள் இருந்தால் பயம்தான். ஒயில் வகையைக் கைநூலைப் பார்த்தே போட வேண்டும். சில வண்டிக்கு கியர் ஒயில், சிலதுக்கு ஓட்டோ கியருக்குப் போடும் மெல்லிய ஏ.டி.எஃப். மெல்லியது கேட்கும் கேஸில் தடித்ததை ஊற்றினாலே லீவர் பாரமாகிவிடும். மேலே உள்ள நிரப்பும் மூடி கழல்கிறதா என்று பார்த்த பிறகே அடி மூடியைக் கழற்ற விடுங்கள். அடியில் வடித்துவிட்டு மேல் மூடி திறக்காமல் நின்றால் வண்டி அங்கேயே படுத்துவிடும்.

விற்பவர் சொன்ன “ஓட ஓட இளகும்” பாதி உண்மை. பாவிக்காமல் விட்டால் இறுகுவது மெய்தான். மாதம் ஒரு தடவையாவது ஏறக்குறைய 16 கிலோமீற்றர் ஃபோர் வீலில் ஓட்டுங்கள் என்று டொயோட்டா கைநூல்களே சொல்கின்றன, முன்பக்கப் பாகங்களுக்கு ஒயில் போய்ச்சேர வேண்டுமே என்பதற்காக. ஆனால் பிடித்த கறள் ஓடுவதால் போகாது. லீவரில் பைப் கொழுவி இழுப்பதும் காலால் உதைப்பதும் ஃபோர்க்கை வளைத்து, சின்ன வேலையைப் பெரிய வேலையாக்கும். இப்படி யாராவது உங்கள் முன்னாலேயே செய்துகாட்ட வந்தால் தடுத்துவிடுங்கள்.

இனி பேரம். “கொஞ்சம் குறைக்கிறேன்” என்பதற்கு இப்போதே தலையாட்டாதீர்கள். எதற்காகக் குறைக்கிறார் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்கள் பாஸைக் கூட்டிப்போய் அந்த ஆர்ம் சோதனையைச் செய்துவிட்டுப் பேசுங்கள். வெளிப்பழுது என்றால், அவர் செலவில் திருத்தி நான்கு நிலையும் விழுவதைக் காட்டிய பிறகு பணம். உள்பழுது என்றால் பஞ்சிகாவத்தையில் இரண்டு மூன்று கடையில் அதே மொடலுக்கான பழைய கேஸின் விலையையும், ஏற்றி இறக்கும் கூலியையும் கேட்டு, முழுத்தொகையையும் விலையில் கழியுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பாருங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் தனியாருக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிக்காரர்கள் கேட்டதெல்லாம் விலையானது. அந்தப் பழக்கம் சிலரை இன்னும் விடவில்லை.

சொல்வதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். “ஃபோர் வீல் முழுமையாக இயங்குகிறது” என்று பற்றுச்சீட்டில் ஒரு வரி போதும். நீங்கள் வாங்குவது வியாபாரியிடம் என்பதால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். முறைப்பாடு எழுத்தில், வாங்கிய மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள். தரகர் மூலம் ஒரு தனியாளிடம் வாங்கியிருந்தால் இந்த வழி சுலபமாக இராது.

கேள்வி: இந்த லீவர் தொல்லையே வேண்டாம் என்று ஸ்விட்சைத் திருப்பும் வகையை வாங்கினால் நிம்மதியா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கைக்கு நிம்மதி. பைக்கு அப்படியில்லை. ஸ்விட்சுக்குப் பின்னால் கேஸில் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. பாவிக்காமல் விட்டால் அதுவும் இறுகும், தண்ணீர் புகுந்தால் செத்தும் போகும். லீவர் இறுகினால் கையில் தெரியும். இதிலோ லைட் மினுங்கிக்கொண்டே இருக்கும், வேறு தகவல் கிடைக்காது. சுசுகி ஜிம்னியே முந்தைய தலைமுறையில் பொத்தானுக்குப் போய், 2018இல் வந்த புதியதில் லீவருக்குத் திரும்பியது. ஸ்விட்ச் வகைதான் பிடித்திருக்கிறது என்றால், பார்க்கப் போகும் அன்று நல்ல மணல்தரையில் எல்லா நிலையையும் போட்டு, லைட் மினுங்காமல் நின்று எரிகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.